களப்பயிற்சிக்கு யார் மார்க் போடுவது?

எங்கள் துறைக்குக் களப்பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் கூடவே அனுப்பிவைப்பார்கள். குளோபல் ஹெல்த் சான்றிதழ் படிப்பு. பொது சுகாதாரத்திலோ நர்சிங்கிலோ பொருளாதாரத்திலோ பட்டம் படிக்கிறவர்கள் அதனோடு சேர்த்து முடிக்கிற துணைப்படிப்பு இது. பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். எந்த ஊர்க் காகிதத்தைப் பிரித்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 12 முதல் 18 கிரெடிட். மூன்று கிரெடிட்டுக்கு ஒரு தாள் என்று வைத்தால் நான்கு முதல் ஆறு தாள்கள். அறிமுகத் தாளும் எபிடெமியாலஜி என்கிற நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் பொதுவாகக் கட்டாயம். நெறிமுறைத் தாள் சில இடங்களில் கட்டாயம், சில இடங்களில் விருப்பம். பிறகு ஒன்றிரண்டு விருப்பப் பாடங்கள். கடைசியில் ஒரு கோடை விடுமுறை அளவுக்குக் களப்பயிற்சி, அதன்மேல் ஓர் அறிக்கை. குறைந்தபட்ச கிரேடு என்ன, ஒரே தாளை இரண்டு படிப்புக்குக் கணக்குக் காட்டலாமா என்கிற விதிகளுக்கே தனியாகப் பக்கங்கள் போய்விடும்.

இந்தக் காகிதங்களை விண்ணப்பிக்கிறவர்கள் படிக்கிறார்கள். அவர்கள் வந்து இறங்குகிற இடத்தில் இருக்கும் நாங்களும் வரிவரியாகப் படிக்க வேண்டும். எங்கள் ஊர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்தக் காகிதம்தான்.

*

எபிடெமியாலஜி கட்டாயம் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் காலரா தண்ணீரில் பரவுகிறது என்று காட்டிய லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோவின் கதையை, நோய் பரப்பிய பிராட் தெருத் தண்ணீர்க் குழாயோடு முடித்துவிடுகிறார்கள். அதே 1854இல் தென் லண்டனில் அவர் செய்த வேலை அதைவிடப் பெரியது. ஒரே தெருக்களில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுப்பு இடத்தைத் தேம்ஸ் ஆற்றில் மேலே, நகரக் கழிவு கலக்காத இடத்துக்கு மாற்றிக்கொண்டது. சதக் அண்ட் வாக்ஸால் கம்பெனி பழைய இடத்திலேயே எடுத்தது. ஸ்னோ காலரா சாவு நடந்த வீடுகளாகப் பார்த்து ஏறி, எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டார். வீட்டுக்காரருக்குத் தெரியாவிட்டால் ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்து, சில்வர் நைட்ரேட் விட்டு, எவ்வளவு வெண்மையாகப் படிகிறது என்று பார்த்து உப்பின் அளவைக் கண்டுபிடித்தார். இரண்டு கம்பெனித் தண்ணீருக்கும் உப்பில் பெரிய வித்தியாசம் இருந்தது.

கணக்கு இது. சதக் அண்ட் வாக்ஸால்: 40,046 வீடுகள், 1,263 சாவுகள். லாம்பெத்: 26,107 வீடுகள், 98 சாவுகள். பத்தாயிரம் வீட்டுக்கு 315 ஒரு பக்கம், 37 மறுபக்கம். எட்டு மடங்குக்கும் மேல். வருகிற மாணவர்களை இதைக் கரும்பலகையில் கையால் போடச் சொல்வேன். மென்பொருளில் பொத்தானை அழுத்தி வரும் விடையில் அந்த வீட்டு வாசல் தெரியாது. எண்ணுகிற வேலை வாசற்படியில் ஆரம்பிக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே ஒருவர் கற்றுக்கொண்டால் மீதிப் படிப்புக்கு அது போதும்.

*

டாலி. நோய்ச்சுமையை அளக்கும் அலகு. முன்கூட்டியே இறந்ததால் இழந்த ஆண்டுகளையும், நோயோடு வாழ்ந்த ஆண்டுகளை அதன் கடுமைக்கேற்ப எடைபோட்டு வரும் எண்ணையும் கூட்டுவது. 1993இல் உலக வங்கியின் உலக வளர்ச்சி அறிக்கை வழியாக உலகத்துக்கு வந்தது. கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் இருவரின் உழைப்பு. தேர்வில் சூத்திரம் கேட்பார்கள். அந்தச் சூத்திரத்துக்குள் இருந்த தீர்ப்பைக் கேட்பதில்லை. முதல் வடிவத்தில் 25 வயதை ஒட்டிய ஓர் ஆண்டுக்கு மதிப்பு அதிகம். கைக்குழந்தையின் ஆண்டுக்கும் பாட்டியின் ஆண்டுக்கும் குறைவு. வருங்கால ஆண்டுகளுக்கு வருஷத்துக்கு 3 சதவீதம் தள்ளுபடி வேறு. 2010ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வில்தான் இவை இரண்டையும் எடுத்தார்கள். அதாவது ஏறக்குறைய இருபது வருஷம், எந்த நோய்க்குப் பணம் தருவது என்று உலகம் பேசிய பேச்சுக்குள் ஒரு கிழவியின் ஆண்டு குறைந்த விலையில் கிடந்தது. அந்த எடையைப் போட்டும் எடுத்தும் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிற ஒரு வகுப்பு எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்க வேண்டும்.

*

புள்ளியியல் தாளின் வீட்டுப்பாடத்துக்குப் பெரும்பாலும் டி.எச்.எஸ். தரவைத்தான் கொடுப்பார்கள். 1984இல் அமெரிக்க நிதியில் தொடங்கிய மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு. இந்தியாவில் அதன் கிளைதான் மும்பையில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தும் தேசியக் குடும்பநல ஆய்வு. பிறப்புக் கோப்பில் ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை. பி5 என்று ஒரு பத்தி: குழந்தை உயிரோடு இருந்தால் 1, இல்லையென்றால் 0. பூஜ்ஜியம் விழுந்தால் பி7இல் இறந்தபோது எத்தனை மாதம் என்று இருக்கும். மாணவர்கள் இந்த இரண்டு பத்திகளை வைத்துச் சிசு மரண விகிதம் கண்டுபிடிப்பார்கள். சரியாக வரும்.

அந்தப் பூஜ்ஜியம் எப்படி வந்தது என்பதற்குப் பாடத்திட்டத்தில் இடம் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் கேள்வித்தாளோடு வீட்டுக்கு வருகிறார். உயிரோடு பிறந்து பிறகு இறந்த பிள்ளை உண்டா என்று கேட்கிறார். இல்லை என்று தாய் சொன்னால் அதோடு விடக் கூடாது. பிறந்ததும் அழுதோ அசைந்தோ உயிர் இருப்பதைக் காட்டி, அப்புறம் தங்காமல் போன குழந்தை ஏதாவது உண்டா என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். கேள்வித்தாளின் விதி அது. இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பல தாய்மார் வாய் திறக்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் கணினியைத் திறப்பதற்கு முன்னால் கேள்வித்தாளை ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தரவை மதிக்கக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இந்தத் திட்டத்துக்கான நிதியை நிறுத்தியபோது பல நாடுகளில் பாதியில் நின்ற கணக்கெடுப்புகள் உண்டு. வீட்டுப்பாடத்துக்குப் பழைய கோப்பு கிடைக்கும். பிள்ளைகளின் சாவை வேறு யாரும் எண்ணாத நாடுகளுக்குப் புதிய கோப்பு எங்கிருந்து வரும்? இதைப் பேசாமல் இனிமேல் ஓர் அறிமுகத் தாளை நடத்த முடியாது.

*

ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலின் கதை பல பாடத்திட்டங்களில் ஒரு ஸ்லைடு. அதற்கு ஒரு முழு வாரம் தரலாம்.

1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் வந்த அகதிகளிடையே காலரா. பன்காவ் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து போன திலீப் மஹலநபிஸ், ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலம் போடவைத்தார். குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். அம்மாவோ அண்ணனோ டம்ளரில் பிடித்து, நோயாளி வாயில் ஊற்றினார்கள். முகாம்களில் 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு அவருடைய பிரிவில் 3.6 சதவீதமாக இறங்கியது.

இதில் உடலியங்கியல் இருக்கிறது: குடலில் குளுக்கோஸ் போகும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. நிர்வாகம் இருக்கிறது: பொட்டலம், டிரம், குழாய். நெறிமுறை இருக்கிறது: ஒரு பாதிக்குக் கொடுத்து மறுபாதிக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே எந்த மனசாட்சியும் இடம் கொடுத்திருக்காது, அதனாலேயே அந்த முடிவை நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மருந்தைப் புகட்டியது யார் என்பது இருக்கிறது. பயிற்சியே இல்லாத சொந்தபந்தம். மஹலநபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

*

வரலாறு எந்தக் காகிதத்திலும் கட்டாயப் பாடமாக என் கண்ணில் படவில்லை. இருந்தால் விருப்பப் பாடம். இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1898. லண்டன் பள்ளி 1899. முதலாவதன் பின்னால் கப்பல் முதலாளி ஆல்பிரட் ஜோன்ஸ், இரண்டாவதன் பின்னால் காலனிகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லின். வியாபாரிகளும் அதிகாரிகளும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சாகாமல் வேலை பார்க்க வேண்டும். அதற்கு டாக்டர்கள் வேண்டும். இந்தத் துறை பிறந்த வீடு அது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார், பிறகு லிவர்பூலில் பாடம் நடத்தினார், 1902இல் நோபல். அந்தக் கொசுக்கள் கடித்தது ஹுசைன் கான் என்ற நோயாளியை. ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. ராஸின் பெயர் அறிமுகத் தாளில் வருகிறது. ஹுசைன் கான் பெயரும் வர வேண்டும்.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம். அக்டோபரில் காலரா. அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக அந்த நாட்டில் காலரா பதிவானதில்லை. நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாமிலிருந்து கழிவு ஓர் ஓடையில் கலந்து, அதன் வழியாக ஆர்ட்டிபோனிட் ஆற்றுக்குப் போயிருந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். உதவ வந்தவர்கள் கொண்டுவந்த நோய், அதை ஒப்புக்கொள்ள ஆறு வருஷம். வெளிநாட்டுக்கு உதவப் போகிற ஒவ்வொரு மாணவரும் விமானம் ஏறும் முன் இதைப் படித்து, இதன்மேல் கட்டுரை எழுதி, தேறியிருக்க வேண்டும்.

வரலாறு என்றால் குற்றப்பட்டியல் மட்டும் என்றும் நினைக்கக் கூடாது. சோமாலியாவில் மெர்க்கா ஊர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் அலி மாவ் மாலின். ஊசி வலிக்கும் என்று பயந்து பெரியம்மைத் தடுப்பூசியைத் தவிர்த்தவர். 1977 அக்டோபரில் இரண்டு நோயாளிகள் வந்த வண்டிக்கு வழிகாட்டக் கொஞ்ச தூரம் உடன் போனார். இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அவர்தான். பிழைத்தார். பிற்பாடு வீடு வீடாகப் போய்த் தன் கதையைச் சொல்லி, போலியோ சொட்டு மருந்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னார். 2013இல் அந்த வேலையில் இருந்தபோது மலேரியா கண்டு இறந்தார். தடுப்பூசித் தயக்கம் பற்றி ஒரு முழுத் தாள் நடத்துகிறவர்களுக்கு இவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

*

விருப்பப் பாடங்கள்: ஊட்டச்சத்து, அகதிகள் நலம், சுற்றுச்சூழல், மனநலம். எதை எடுத்தாலும் நல்லதுதான். யாரும் ஆசைப்பட்டு எடுக்காத ஒன்றை நான் எடுக்கச் சொல்வேன்: மருந்துக் கொள்முதலும் கிடங்குக் கணக்கும்.

லண்டன் பள்ளியின் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ‘குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம்’ தொகுப்பில் வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகளோடு தமிழ்நாடும் இருக்கிறது. 1985இல் வந்த முதல் தொகுப்பில் இலங்கையும் கேரளமும் இருந்தன. நம்மைப் பற்றி அவர்கள் எழுதியதில் முக்கியமான ஒன்று 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு இருக்கும்; மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். மருந்து ஒவ்வொரு தொகுதியாக ஆய்வகத்துக்குப் போய்த் தேறினால்தான் வெளியே வரும். வந்த மாணவர்களைக் கிடங்குக்கு அழைத்துப்போனால் முதல் அரைமணி நேரம் எதற்கு வந்தோம் என்று புரியாமல் நிற்பார்கள். பாஸ்புக்கைக் கையில் கொடுத்து, மழைக்காலத்தில் எந்த மருந்து சீக்கிரம் தீர்கிறது என்று பார்க்கச் சொன்னால் நகர மாட்டார்கள்.

*

மொழி. களப்பயிற்சிக்குப் போகும் ஊரின் மொழியைக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான சான்றிதழ்களில் இல்லை. கேட்டால் நேரம் இல்லை என்பார்கள். புள்ளியியலுக்கு ஒரு முழு செமஸ்டர் இருக்கிறது. நான் இலக்கணம் கேட்கவில்லை. “எங்க வலிக்குது?”, “எத்தன நாளா?” என்ற இரண்டும், “இஷ்டமில்லன்னா நீங்க சொல்ல வேண்டாம்” என்ற மூன்றாவதும் போதும். மூன்றாவதை மொழிபெயர்ப்பாளர் வாயால் சொல்வதற்கும் கேட்கிறவர் தன் வாயால் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கிவிடலாம். மறுக்கலாம் என்று கைநாட்டு வைத்த அம்மாவுக்கு உண்மையிலேயே தெரியுமா என்பது இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

*

களப்பயிற்சி முடித்துப் போன ஒரு மாணவியைப் பற்றி, ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் என்னிடம் சொன்னது:

“நல்ல பொண்ணுதான் மேடம். வெயில்ல சளைக்காம கூடவே நடந்துச்சு. புள்ளைங்கள எட போட்டு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்துச்சு. நம்ம புள்ளைங்க எட, நம்ம தராசு. கடேசில என்ன கண்டுபுடிச்சாங்கன்னு நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

எனக்குப் பதில் இல்லை. அந்தப் பெண்ணின் அறிக்கை அவளுடைய பல்கலைக்கழகத்துக்குப் போனது. மார்க் போட்டவர் இந்த ஊரைப் பார்க்காதவர். செவிலியரின் கணக்கு வேறு. கர்ப்பிணிகளைப் பார்க்கப் போக வேண்டிய காலைகளில் பாதி, விருந்தாளிக்கு வழி காட்டுவதில் போனது. கர்ப்பிணிகளுக்கான பிக்மி இணையப் பதிவுகளை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து முடித்தார். இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் ஏறவில்லை.

குளோபல் ஹெல்த் பயிற்சிக்கான நெறிமுறைகளை ஜான் க்ரம்ப், ஜெரமி சுகர்மன் ஆகியோரின் குழு 2010இலேயே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அனுப்புகிற இடம், ஏற்கிற இடம், மாணவர், பணம் தருகிறவர் என்று எல்லோருடைய கடமையும் அதில் உண்டு. ஏற்கிற இடத்துக்கு ஆகும் உண்மையான செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. எடுத்த இடங்கள் இருக்கலாம். எங்களுக்கு வந்த காகிதங்களில் அதற்கு ஒரு வரி இல்லை.

தன் நாட்டில் தொட அனுமதிக்கப்படாத சிகிச்சையை இங்கே செய்துபார்க்க ஆசைப்படுகிற மாணவர்களும் வருவதுண்டு. அங்கே கூடாது என்றால் இங்கேயும் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

*

இன்னொன்று எதிர்த்திசையில். அங்கிருந்து வருகிறவருக்கு எங்களிடம் ஆறு வாரப் பயிற்சிக்கு இடம் கிடைக்க ஒரு கடிதம் போதும். இங்கிருந்து ஒரு செவிலியரை அங்கே ஆறு வாரம் அனுப்பிப் பாருங்கள்: விசா, வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம், ஆங்கிலத் தேர்வு. சான்றிதழ் நடத்துகிற பல்கலைக்கழகம் தன் மாணவர் ஒருவரை அனுப்பினால் நம் ஊழியர் ஒருவருக்கு அங்கே இடம் தர வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்திலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். பால் ஃபார்மர் தொடங்கிய ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ அமைப்பு 2015இல் ருவாண்டாவிலேயே ஒரு குளோபல் ஹெல்த் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியது. அதன் வளாகம் புட்டாரோ என்ற மலைக் கிராமத்தில் இருக்கிறது. படிப்பு நோயாளி இருக்கும் பக்கத்துக்கு நகர முடியும் என்பதற்கு அது சாட்சி.

*

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்திருக்கிறேன். நிரப்ப வேண்டியவர் களத்தில் மாணவரோடு நடந்த செவிலியர் அல்லது அங்கன்வாடி ஊழியர். கேள்விகள்: உங்கள் வேலை நேரத்தில் எவ்வளவு இவருக்காகப் போனது? அந்த நேரத்தில் விட்டுப்போன வீடுகளுக்கு யார் போனார்கள்? சேகரித்ததை உங்களுக்குப் புரியும் மொழியில் திரும்பச் சொன்னாரா? தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டாரா? பெரியவர்களிடம், பெண்களிடம், குழந்தைகளிடம் எப்படிப் பேசினார்? மறுபடி வந்தால் கூட்டிப்போவீர்களா?

நாங்கள் இப்போது மாணவர்களை ஏற்கும் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். பட்டம் பெறாத ஊழியர்கள் பல்கலைக்கழக மதிப்பெண் போட விதியில் இடம் உண்டா என்று முதலில் கேட்டார். கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டுமா என்று தனியாக முடிவெடுக்கிற ஒருவருக்கு, ஒரு மாணவர் ஒழுங்காக வேலை செய்தாரா என்று சொல்லத் தகுதி உண்டு என்று எழுதினேன். களப்பயிற்சி மதிப்பெண்ணில் 20 சதவீதம் வரை தரலாம் என்று இப்போது பதில் வந்திருக்கிறது. 50 கேட்டிருக்கிறேன். படிவத்தைத் தமிழில்தான் நிரப்புவார்கள், மொழிபெயர்க்கும் செலவு பல்கலைக்கழகத்துடையது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.